தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் தற்சார்பும் இடர்காலத் தயார்நிலையும்

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் தற்சார்பு மதிப்பீடு என்பது, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் தாமிரபரணி ஆற்றை நம்பி வாழும் ஊர்கள், வெளியுதவி தடைப்படும் காலத்தில் தமது நீர், உணவு, மின்சாரம், மருத்துவம், தகவல் தொடர்பு ஆகிய தேவைகளைத் தாமே எவ்வளவு, எத்தனை நாட்களுக்கு நிறைவு செய்துகொள்ள இயலும் என்பதைக் கணித்தறிவதாகும். தற்சார்பு என்பது இங்கு எல்லாவற்றையும் உள்ளூரிலேயே உற்பத்தி செய்துகொள்வதைக் குறிக்காது. சாலையும் மின்கம்பியும் அறுந்துபோனால் ஓர் ஊர் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பதே இதன் மையக் கேள்வி ஆகும்.

இப்பள்ளத்தாக்கு நீர்வளமும் நெல்வளமும் மின் உற்பத்தியும் ஒருங்கே அமைந்த பகுதி. ஆயினும் 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது இதன் கீழ்ப்பகுதி ஊர்கள் பல, குடிநீரும் மின்சாரமும் இன்றிப் பல நாட்கள் துண்டிக்கப்பட்டிருந்தன. மாவட்ட அளவிலான ஆண்டுக் கணக்கில் உபரியாகத் தெரியும் ஒரு வளம், ஊர் அளவிலான மூன்று நாள் கணக்கில் பற்றாக்குறையாக மாறக்கூடும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

பின்னணி

ஓர் ஊரின் வளங்களை நேரில் சென்று கணக்கெடுக்கும் முறை இப்பகுதிக்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் சிலேட்டர், தம் மாணவர்களைக் கொண்டு தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றை ஆய்வு செய்து 1918-ல் ஒரு நூலாக வெளியிட்டார். அவற்றுள் ஒன்று திருநெல்வேலிக்கு வடக்கே சிற்றாற்றங்கரையில் உள்ள கங்கைகொண்டான். அதே கிராமம் 1930களில் மீண்டும் ஆய்வு செய்யப்பட்டு, பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோரால் 1940-ல் முடிவுகள் வெளியிடப்பட்டன. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா குஜராத்தின் மாதர் வட்டத்தில் நடத்திய ஆய்வு 1931-ல் வெளிவந்தது. குமரப்பாவின் ஆய்வில் ஊருக்குள் என்ன வருகிறது, ஊரை விட்டு என்ன போகிறது என்ற கேள்வி முதன்மை பெற்றது. அண்மைக் காலத்தில் இங்கிலாந்தின் டாட்னஸ் நகரில் 2006 முதல் வளர்ந்த 'மாற்றத்திற்கான நகரங்கள்' இயக்கமும் ஏறத்தாழ இதே கேள்வியை எண்ணெய்ப் பற்றாக்குறையை முன்வைத்துக் கேட்கிறது.

இவ்வகை ஆய்வுகள் பெரும்பாலும் ஆண்டு வருமானத்தையும் விளைச்சலையுமே அளந்தன. இடர்காலத் தயார்நிலையை அளக்க வேண்டுமாயின் கால அலகு மாற வேண்டும். பேரிடர் மேலாண்மையில் முதல் 72 மணி நேரம் தனியாகக் கருதப்படுவதற்குக் காரணம், வெளியிலிருந்து மீட்புக் குழுவும் பொருட்களும் வந்து சேர அவ்வளவு நேரம் ஆகக்கூடும் என்பதே. தமிழ்நாட்டில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் முதன்மைத் தளம் அரக்கோணத்தில் உள்ளது. அங்கிருந்து திருநெல்வேலி 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு.

ஆறும் அதன் கட்டமைப்பும்

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். தோற்றமும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே அமைந்த ஆறு இது. காவிரியைப் போல அண்டை மாநிலத்தின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தற்சார்பு நோக்கில் இது பெரும் அனுகூலம். அதே வேளை, பழி சொல்ல வேறு மாநிலமும் கிடையாது.

ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணை 1870களில் கட்டி முடிக்கப்பட்டது. இவற்றிலிருந்து 11 கால்வாய்கள் பிரிந்து, நூற்றுக்கும் மேற்பட்ட குளங்களை நிரப்பி, சுமார் 86,000 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் அளிக்கின்றன. மலையடிவாரத்தில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் உள்ளன. மூன்றின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 12,200 மில்லியன் கன அடி.

குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிபோல் அமைந்தவை. மேல்குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்நீர் கீழ்க்குளத்திற்குச் செல்லும். பஞ்ச காலத்தில் இவ்வமைப்பு ஒவ்வோர் ஊருக்கும் தனிச் சேமிப்பைத் தருகிறது. வெள்ள காலத்தில் இதுவே ஆபத்தாக மாறலாம்: மேல்குளம் உடைந்தால் அதன் முழு நீரும் ஒரே நேரத்தில் கீழ்க்குளத்தின் கரையைத் தாக்கும். எனவே ஒரு குளத்தின் பாதுகாப்பை அவ்வூர் மட்டும் தனித்து மதிப்பிட முடியாது.

இரண்டு வெள்ளங்கள்

1992 நவம்பர் 13 அன்று மாஞ்சோலை மலைப்பகுதியிலுள்ள காக்காச்சியில் ஒரே நாளில் 965 மில்லிமீட்டர் மழை பதிவானது. மழை அணைகளுக்கு மேலுள்ள மலையில் பெய்தது. நீர் அணைகளைக் கடந்து ஆற்றின் வழியே இறங்கி வந்தது.

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த மழையின் இயல்பு வேறு. மலையிலும் கனமழை பெய்தது என்றாலும், உச்ச அளவு கடற்கரைச் சமவெளியில் பதிவானது. 18ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. காயல்பட்டினத்தில் ஓராண்டுச் சராசரியை விடக் கூடுதலான மழை ஒரே நாளில் கொட்டியது. இம்மழையைத் தடுத்து நிறுத்த எந்த அணையும் அதற்கு மேலே இல்லை. பாபநாசம் அணையின் மதகுகளை எவ்வளவு கவனமாக இயக்கியிருந்தாலும் ஏரலுக்கோ ஆத்தூருக்கோ அது முழுப் பாதுகாப்பு அளித்திருக்காது.

ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் நீர் ஓடினால் அதன் அளவு 8,640 மில்லியன் கன அடி. இது மேற்கூறிய மூன்று அணைகளின் மொத்தக் கொள்ளளவில் 70 விழுக்காடு. வடகிழக்குப் பருவமழையின் இறுதியில் அணைகள் பெரும்பாலும் நிரம்பியே இருக்கும். குடிநீருக்கும் பிசானச் சாகுபடிக்கும் நீரைச் சேமிக்க வேண்டும் என்பதும், வெள்ளத்திற்கு இடம் விட்டு வைக்க வேண்டும் என்பதும் ஒரே அணையில் ஒன்றையொன்று மறுக்கும் தேவைகள். வெள்ள நீரைத் திசைதிருப்பும் நோக்கில் 2009-ல் தொடங்கப்பட்ட தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்புத் திட்டம், கன்னடியன் கால்வாயிலிருந்து 75 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியாகத் திசையன்விளை, சாத்தான்குளம் பகுதி வறள் நிலங்களுக்கு விநாடிக்கு 3,200 கன அடி நீரைக் கொண்டு செல்ல வடிவமைக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் இது திறந்து வைக்கப்பட்டது. வறட்சிக்கு இது பெரிதும் உதவும். ஆனால் ஒரு லட்சம் கன அடி வெள்ளத்தில் 3,200 என்பது 3 விழுக்காட்டைச் சற்றே தாண்டும் அளவு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

2023 வெள்ளத்தில் தூத்துக்குடி நகருக்கு அருகேயுள்ள கோரம்பள்ளம் குளமும் தென்திருப்பேரை அருகேயுள்ள கடம்பா குளமும் உடைப்பெடுத்தன. ஏரல் பாலத்தின் இணைப்புச் சாலை அரித்துச் செல்லப்பட்டது. தென் மாவட்டங்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

நீர்

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் மக்கள்தொகை, 2019-ல் தென்காசி பிரிக்கப்பட்ட பின்னான எல்லைப்படி 2011 கணக்கெடுப்பில் சுமார் 34 லட்சம். ஊரகக் குடிநீருக்கு வழங்கப்படும் அளவான தலைக்கு 55 லிட்டர் என்று கொண்டால் நாள் ஒன்றுக்கு 18.7 கோடி லிட்டர் தேவை. இது 6.6 மில்லியன் கன அடிக்குச் சமம். ஆண்டு முழுவதற்கும் ஏறத்தாழ 2,400 மில்லியன் கன அடி போதும், அதாவது அணைக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு. தாமிரபரணி நீர் விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, சாத்தூர் பகுதிகளுக்கும் செல்கிறது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கென அமைக்கப்பட்ட '20 எம்.ஜி.டி.' திட்டம் மட்டும் நாளொன்றுக்கு 9 கோடி லிட்டர் எடுக்கும் திறனுடையது. இது இரு மாவட்ட மக்களின் மேற்கண்ட தேவையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. இத்திட்டம் குறித்த வழக்குகள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றுள்ளன. இவையெல்லாம் சேர்ந்தாலும், இயல்பான ஆண்டில் நீரின் அளவு சிக்கலன்று எனலாம்.

சிக்கல் நீரை எடுக்கும் முறையில் உள்ளது. பெரும்பாலான கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் ஆற்றுப்படுகையில் இறக்கப்பட்ட உறைகிணறுகளிலிருந்து மின்மோட்டார் மூலம் நீரேற்றி, நெடுந்தூரக் குழாய்களில் அனுப்புகின்றன. கிணறு, மோட்டார் அறை, மின்மாற்றி, குழாய் நான்கும் ஆற்றிலோ ஆற்றங்கரையிலோ இருப்பவை. ஆறு பெருகும்போது நான்கும் ஒன்றாகவே பழுதாகின்றன. 2023-ல் தூத்துக்குடி நகரம் தண்ணீருக்குள் நின்றுகொண்டே குடிநீருக்குத் தவித்ததற்குக் காரணம் இதுவே.

இதை மதிப்பிட ஓர் ஊரில் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. குழாய் நீர் நின்றால் வேறு நீர் எங்கே? கைப்பம்பு உள்ளதா, அது வேலை செய்கிறதா? திறந்த கிணறுகள் தூர்க்கப்பட்டுவிட்டனவா? மேல்நிலைத் தொட்டி நிரம்பியிருந்தால் எத்தனை நாள் வரும்? 1,500 பேர் கொண்ட ஊரில் 60,000 லிட்டர் தொட்டி ஒன்று நிரம்பியிருந்தால் தலைக்கு 40 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளொன்றுக்கு 8 லிட்டர் என்று பங்கிட்டால் ஐந்து நாள். குழாயைத் திறந்துவிட்டால் ஒரே காலைப்பொழுது. இந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பவர் தொட்டியின் வால்வைத் திறந்து மூடும் ஊழியர். அவரிடம் முன்கூட்டியே பேசி வைப்பது எந்தக் கட்டுமானத்தையும் விடச் செலவு குறைந்தது.

ஆற்றுப்படுகையின் நிலையும் கணக்கில் சேர வேண்டும். மணல் நீங்கினால் உறைகிணற்றின் ஊற்று குறையும். தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு 2010-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. ஸ்ரீவைகுண்டம் அணையில் நெடுங்காலமாகப் படிந்த வண்டலை அகற்ற 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. குளங்களிலும் கால்வாய்களிலும் மண்டும் அமலைச்செடியும் சீமைக்கருவேலமும் கொள்ளளவைக் குறைக்கும் மற்றக் காரணிகள்.

உணவு

திருநெல்வேலி என்ற பெயரே நெல்லோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படுகிறது. கார், பிசானம் என இரு போகம் விளையும் பகுதி என்பதால் அரிசியில் தன்னிறைவு உண்டு என்று பலரும் எண்ணுகின்றனர். ஆற்றுப் பாசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். 86,000 ஏக்கரும் நெல் என்றும், ஏக்கருக்கு 2 டன் நெல் என்றும், அதில் மூன்றில் இரு பங்கு அரிசி என்றும் கொண்டால் ஒரு போகத்திற்கு 1.15 லட்சம் டன் அரிசி. ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் என்றால் இது 8 லட்சம் பேருக்கு ஓராண்டு உணவு. இரு போகமும் முழுமையாக விளைந்தால் 16 லட்சம் பேர். ஆக, 34 லட்சம் பேரில் கால்வாசிக்கும் பாதிக்கும் இடைப்பட்ட பங்கு. உண்மையில் ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் பகுதிகளில் பெரும் பரப்பு வாழைக்கு மாறிவிட்டது. வாழை பணப்பயிராகச் சிறந்தது, ஆனால் வெள்ளத்தில் நாட்கணக்கில் நீர் தேங்கினால் அழுகும். மானாவாரி, கிணற்றுப் பாசன விளைச்சலை இக்கணக்கு சேர்க்கவில்லை.

மூன்று நாள் கணக்கில் விளைச்சலை விட இருப்பே முக்கியம். முன்பு இப்பகுதி வீடுகளில் குலுக்கையிலும் பத்தாயத்திலும் ஆண்டுக்குத் தேவையான தானியம் சேமிக்கப்பட்டது. இன்று நெல் அறுவடையானதும் களத்திலிருந்தே விற்பனைக்குச் செல்கிறது. அரிசி நியாயவிலைக் கடையிலிருந்து மாதந்தோறும் வருகிறது. ஆகவே ஒரு வீட்டின் இருப்பு மாதத் தொடக்கத்தில் மிகுந்தும் இறுதியில் குறைந்தும் காணப்படும். கிராமத்தில் நெல் மூட்டை இருந்தாலும் மின்சாரம் இன்றி அரவை ஆலை ஓடாது, உரலும் உலக்கையும் பெரும்பாலான வீடுகளில் இல்லை. உப்பு மட்டும் தூத்துக்குடியின் தயவால் குறையில்லை. கருப்பட்டி உடன்குடிப் பகுதியில் கெடாமல் நெடுநாள் இருக்கும் உணவு, இடர்கால இருப்புக்கு ஏற்றது.

மின்சாரம்

நாட்டிலேயே மின் உற்பத்தி செறிந்த பகுதிகளுள் இது ஒன்று. கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறனுடைய இரு அணுவுலைகள் இயங்குகின்றன. தூத்துக்குடி அனல்மின் நிலையம் தலா 210 மெகாவாட் கொண்ட ஐந்து அலகுகளுடன் அமைக்கப்பட்டது. பாபநாசத்தில் 32, சேர்வலாற்றில் 20 மெகாவாட் நீர்மின் நிலையங்கள் உள்ளன. கயத்தாறு, இராதாபுரம், பணகுடி வட்டாரங்களில் காற்றாலைகள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன.

இவற்றால் உள்ளூருக்கு இடர்காலத்தில் கிடைக்கும் நேரடிப் பயன் மிகக் குறைவு. இவை யாவும் மாநில மின்தொகுப்புடன் இணைக்கப்பட்டவை. உள்ளூர்த் துணைமின் நிலையம் நீரில் மூழ்கினால் பக்கத்திலேயே உற்பத்தியாகும் மின்சாரமும் ஊருக்குள் வராது. பழைய காற்றாலைகள் பலவற்றில் உள்ள தூண்டல் வகை மின்னியற்றிகள், தொகுப்பிலிருந்து மின்சாரம் கிடைத்தால்தான் இயங்கத் தொடங்கும். கூரைச் சூரியத் தகடுகளும் தொகுப்புடன் இணைந்த வகையாயின், மின்தடையின்போது பாதுகாப்பு கருதித் தாமே அணைந்துவிடும். மின்கலத்துடன் கூடிய வகை மட்டுமே அப்போது பயன்படும். மேலும், இங்கு காற்று மிகுதியாக வீசுவது தென்மேற்குப் பருவத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை. வெள்ளம் வருவதோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

கைப்பேசிக் கோபுரங்களின் மின்கலங்கள் சில மணி நேரத்திற்கே போதுமானவை. அதன்பின் டீசல் மின்னியற்றிக்கு எரிபொருள் வர வேண்டும், அதற்குச் சாலை வேண்டும். மின்சாரம், தகவல் தொடர்பு, குடிநீர் மூன்றும் ஒரே கம்பியில் தொங்குகின்றன என்பதே மதிப்பீட்டில் முதலில் எழுத வேண்டிய குறிப்பு.

ஸ்ரீவைகுண்டம் நிகழ்வு

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி, முன்னே தண்டவாளத்தின் அடிமண்ணும் ஜல்லியும் அரித்துச் செல்லப்பட்டதால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதில் சுமார் 800 பயணிகள் இருந்தனர். ஒரு பகுதியினர் அருகிலுள்ள பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். அதற்குள் சாலை துண்டிக்கப்பட்டதால் ஏறத்தாழ 500 பேர் நிலையத்திலேயே சிக்கிக்கொண்டனர். ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலங்களும் மீட்புக் குழுவும் வந்து சேர்வதற்கு முன், அருகிலுள்ள புதுக்குடி கிராம மக்கள் தங்களிடம் இருந்ததைக் கொண்டு சமைத்து அவர்களுக்கு உணவளித்தனர். 19ஆம் தேதி பயணிகள் மீட்கப்பட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு வண்டியில் அனுப்பப்பட்டனர்.

தற்சார்பு மதிப்பீட்டிற்கு இது ஓர் அரிய சான்று. வெள்ளத்தால் தாமே பாதிக்கப்பட்ட சிற்றூர் ஒன்று, நூற்றுக்கணக்கான புதியவர்களுக்கு முதல் நாள் உணவைத் தர இயன்றது. அதற்கு வேண்டியிருந்தவை அரிசி, பெரிய பாத்திரங்கள், விறகு, சமைக்கத் தெரிந்தவர்கள், ஒன்றுகூட ஓர் இடம். கோயில் கொடைக்கும் திருமணத்திற்கும் என ஊர்ப்பொதுவில் வைத்திருக்கும் அண்டாவும் அடுப்பும் எந்த அரசுப் பட்டியலிலும் இடர்காலச் சொத்தாகப் பதிவாவதில்லை. அதேபோல் வெள்ளத்தில் சிக்கியோரை மீட்கக் கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் படகுகளுடன் வந்தனர். எந்த ஊரில் எத்தனை நாட்டுப்படகு, அவற்றை ஏற்றிச்செல்ல எத்தனை லாரி என்பது முன்பே எழுதி வைக்கப்பட வேண்டிய தகவல்.

முன்னறிவிப்பு

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் பேரிடர் மேலாண்மை ஆணையம் இயங்குகிறது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும், மாநில அறையை 1070 என்ற எண்ணிலும் அழைக்கலாம். அணை திறப்பு எச்சரிக்கைகள் ஆட்சியர் வழியே வெளியிடப்படுகின்றன. திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகமே கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது. 2023-ல் வெள்ளம் அவ்வளாகத்திற்குள்ளும் புகுந்தது.

அணை எச்சரிக்கை, மலையில் பெய்யும் மழைக்கே பொருந்தும். 2023 போலச் சமவெளியில் பெய்யும் மழைக்கு, குளக்கரையில் நிற்பவரே முதலில் அறிவார். முன்பு மடையைத் திறந்து மூடவும் கரையைக் காக்கவும் மடைக்குடும்பன் என்ற ஊர்ப் பணியாளர் இருந்தார். அவருக்கு விளைச்சலில் பங்கு அளிக்கப்பட்டது. மழை இரவில் கரைக்காவலுக்குச் செல்வது அப்பணியின் ஒரு பகுதி. இன்று குளங்கள் அரசுத் துறைகளின் பொறுப்பில் உள்ளன. ஒரு பாசன உதவியாளர் பல குளங்களைக் கவனிக்க வேண்டிய நிலையில், ஒரே இரவில் அவை அனைத்தும் நிரம்பும்போது எல்லாக் கரைகளிலும் அவரால் நிற்க இயலாது. மேல்குளத்து ஊரும் கீழ்க்குளத்து ஊரும் ஒருவர் எண்ணை மற்றவர் வைத்திருக்கின்றனரா என்பது மதிப்பீட்டில் கேட்கத் தகுந்த கேள்வி. கைப்பேசி இயங்காத நேரத்தில் கோயில் மணி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, தேவாலய மணி ஆகியவை இதற்குப் பயன்படும். ஒலிபெருக்கிக்கு மட்டும் மின்கலம் தேவை.

திருநெல்வேலி நகரில் ஆற்றுக்குள்ளேயே அமைந்த குறுக்குத்துறை முருகன் கோயில் நெடுங்காலமாக மக்களின் வெள்ள அளவுகோலாக விளங்குகிறது. வெள்ளம் பெருகும்போது உற்சவர் சிலையும் பொருட்களும் கரைமேலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டு செல்லப்படுகின்றன. நீர் மண்டபத்தின் எந்தப் பகுதியைத் தொட்டால் சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டைத் தாழ்வுப் பகுதிகளில் எத்தெரு வரை வரும் என்பதை ஆற்றங்கரைவாசிகள் அனுபவத்தால் அறிந்துள்ளனர். 1992, 2023 வெள்ளங்களின் உச்ச அளவைத் தெருவாரியாகச் சுவர்களில் குறித்து, அவற்றை இக்கோயிலின் நீர்மட்டத்தோடு இணைத்து ஒரு வரைபடம் உருவாக்குவது, கல்லூரி மாணவர்கள் ஒரு விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய பணியாகும்.